பழைய கிழக்கு ஜெர்மனி சைக்கிளை ஓடவைப்பது: வாங்கும் நாள் முதல் முதல் ஓட்டம் வரை

லைப்சிக்கில் வாரம் ஒரு மாலை நான் ஒரு சுயஉதவிப் பட்டறைக்குப் போகிறேன். பழைய சாமான் சந்தையில் வாங்கிய டயமண்ட் அல்லது மிஃபா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு யாராவது அங்கே வந்துவிடுவார்கள். முக்கால்வாசி சைக்கிள்கள் வந்து சேரும்போது நன்றாகத்தான் இருக்கின்றன. கெடுவது அடுத்த ஒரு மணி நேரத்தில். மரை எந்தப் பக்கம் என்று தெரியாமல் திருகுகிறார்கள், அளவு பார்க்காமல் டயர் வாங்கி வருகிறார்கள், ஆர்வத்தில் முதல் வேலையாகப் பெயிண்டைச் சுரண்டுகிறார்கள்.

இது சாதாரண ஊர் சைக்கிளுக்கான வழிகாட்டி: ஒற்றை கியர், காட்டர் பின் (கிராங்க்கை அச்சோடு இறுக்கும் ஆப்பு ஆணி) போட்ட கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் இரும்புக் கை), பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கிற பிரேக். பந்தய சைக்கிளுக்கு வேறு வழி உண்டு. சோவியத் ‘உக்ரைனா’ வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும், மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். நம் ஊரில் ராலே, ஹெர்குலிஸ் சைக்கிளை ஓவராயில் செய்து பழகியவர்களுக்குப் பாதி வேலை கைவந்ததுதான். மீதிப் பாதியில்தான் தடுமாறுகிறார்கள்.

1. எந்த ஊர் சைக்கிள் என்று பாருங்கள்

ஹேண்டில் குழாயின் முன்னால் உள்ள தகட்டைப் படியுங்கள். டயமண்ட் கெம்னிட்ஸ் நகரில் செய்தது. அந்த நகரம் 1953 முதல் 1990 வரை கார்ல் மார்க்ஸ் ஸ்டாட் என்று அழைக்கப்பட்டது. தகட்டிலோ ஸ்டிக்கரிலோ அந்தப் பெயர் இருந்தால், காலம் ஓரளவு தெரிந்துவிடும். மிஃபா என்றால் சாங்கர்ஹவுசன். ‘உக்ரைனா’ கார்கிவ் தொழிற்சாலையில் செய்தது. சோவியத் சைக்கிளில் ஐங்கோணத் தர முத்திரை இருந்தால் அது 1967-க்கு முந்தியது அல்ல, ஏனென்றால் அந்த முத்திரையே அந்த ஆண்டில்தான் வந்தது.

துல்லியமான ஆண்டைத் தேடி நாள்கணக்கில் அலைய வேண்டாம். நாடு தெரிந்தால் போதும். மரை, பெடல், காட்டர் பின் எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும், ஆண்டுக்கு ஆண்டு அவ்வளவாக மாறாது.

2. பணம் கொடுக்கும் முன்

சாய்ந்து கீழே இறங்கும் குழாய், ஹேண்டில் குழாயோடு சேரும் இடத்துக்குக் கீழே விரலை ஓட்டுங்கள். அங்கே லேசான மேடோ, பெயிண்டில் குறுக்காக ஒரு விரிசலோ இருந்தால் அந்த சைக்கிள் முன்பக்கமாக எங்கோ மோதியிருக்கிறது. அதை விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

மடக்கு சைக்கிள் என்றால், அதாவது மிஃபாவின் 20 இஞ்ச் சக்கரம் போட்டது, கீலை இறுக்கிவிட்டு இரண்டு பாதியையும் எதிரெதிராக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தாலோ வெல்டிங்கில் கோடு தெரிந்தாலோ வேண்டாம்.

அப்புறம் பின் ஹப்பின் இடதுபுறம் ஒரு இரும்புக் கை நீண்டு ஃபிரேமோடு பட்டையால் பிணைந்திருக்கும். அந்தக் கையும் பட்டையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஏன் என்பது 8-ஆம் பகுதியில் வரும்.

துருப்பிடித்த குரோமியம், வெடித்த டயர், கிழிந்த சீட், இறுகிய செயின் ஆகியவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவை எல்லாம் சரியாகக்கூடியவை. விற்பவரிடம் ஃபிரேம் எண் குறித்த ஒரு விற்பனைச் சீட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திருட்டு சைக்கிள் என்று பின்னால் பிரச்சினை வந்தால் அந்த ஒரு துண்டுக் காகிதம்தான் துணை.

3. கையில் இருக்க வேண்டியவை

நல்ல ஸ்பேனர் செட், ஹப் கோனுக்கான (சக்கர அச்சில் பால்ரஸை அழுத்திப் பிடிக்கும் கூம்பு) மெல்லிய ஸ்பேனர், வெர்னியர் காலிப்பர், கனமான சுத்தியல், ஒரு கட்டை மரம், கிராங்க்கின் உயரத்துக்கு அறுத்த ஓர் இரும்புக் குழாய்த் துண்டு, துரு இளக்கும் எண்ணெய், மண்ணெண்ணெய், சாதாரண கிரீஸ், வெப்பம் தாங்கும் கிரீஸ், மெல்லிய எண்ணெய், வெள்ளைத் துணி.

இதில் வெர்னியர் காலிப்பரைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் பால்ரஸ், காட்டர் பின், சீட் குழாய் எதையும் சரியாக வாங்க முடியாது. முக்கால் மில்லிமீட்டர் தவறினால் காசு வீண், சில சமயம் ஃபிரேமும் வீண். சரிசெய்யும் ஸ்பேனரை வீட்டிலேயே வையுங்கள். பழைய நட்டு மென்மையான இரும்பு, அதன் முனைகளை அது வட்டமாக்கிவிடும்.

4. கழற்றும் முன் படமும் அளவும்

நான்கு பக்கமும் படம் எடுங்கள். செயின் பக்கம், பிரேக் கம்பி போகும் வழி, டைனமோ வயர் ஒட்டியிருக்கும் இடம், மட்கார்டு கம்பிகள் மாட்டியிருக்கும் வரிசை ஆகியவற்றைத் தனித்தனியாக எடுத்துவையுங்கள். ஒரு மாதம் கழித்துப் பூட்டும்போது எந்த வாஷர் எந்தப் பக்கம் என்று நினைவில் இருக்காது.

டயர் அளவில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். 28 இஞ்ச் என்று எழுதியிருப்பதை நம்பி டயர் வாங்காதீர்கள். 28 × 1.75 டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 622 மில்லிமீட்டர். 28 × 1 1/2 என்று எழுதியது பெரும்பாலும் 635. பெயரில் இரண்டும் 28 இஞ்ச், ஆனால் நடுவில் 13 மில்லிமீட்டர் வித்தியாசம். ஒன்று மற்றொன்றில் உட்காரவே உட்காராது. 26 இஞ்ச் இன்னும் குழப்பம்: 26 × 1.75 என்றால் 559, 26 × 1 3/8 என்றால் 590. பழைய டயரின் பக்கவாட்டில் 47-622 அல்லது 37-590 போல இரண்டு எண்கள் கோடு போட்டு எழுதியிருக்கும். இரண்டாவது எண்தான் ரிம் அளவு, அதைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். எழுத்து அழிந்திருந்தால் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டத்தை அளவெடுங்கள்.

5. ஒரு நாள் எண்ணெய், மறுநாள் ஸ்பேனர்

காட்டர் பின் நட்டுகள், சீட் குழாய், ஹேண்டில் தண்டு, பெடல் அச்சு, ஸ்போக்ஸ் நிப்பிள் ஒவ்வொன்றின் வேரிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரவு முழுவதும் அப்படியே விடுங்கள். மாலையில் இன்னொரு முறை விட்டால் நல்லது. எண்ணெய் மரைக்குள் ஊர்ந்து போக நேரம் வேண்டும். வந்ததுமே ஸ்பேனரை மாட்டி உடல் எடையைப் போடுபவர்கள்தான் பெடல் மரையைப் பிய்க்கிறார்கள்.

ஹேண்டிலைக் கழற்ற மேலே இருக்கும் போல்ட்டை மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்துங்கள், வெளியே எடுக்க வேண்டாம். போல்ட் தலைமேல் கட்டை மரத்தை வைத்து ஒரே அடி. உள்ளே இருக்கும் ஆப்பு கீழே இறங்கி ஹேண்டில் தளரும். போல்ட்டை முழுதாக உருவிவிட்டால் ஆப்பைத் தட்ட எதுவும் இருக்காது.

பெடலில் இடதுபுறம் இடதுமரை. அதாவது கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால் கழலும். நம் ஊர் சைக்கிளிலும் இப்படித்தான், ஆனாலும் பதற்றத்தில் மறந்துவிடுகிறார்கள்.

6. காட்டர் பின்: நிறுத்தி நிதானமாக

சைக்கிள் கெட்டுப்போகும் முதல் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பின்னின் நட்டைக் கழற்றி வீசாதீர்கள். நட்டின் மேல்முகமும் பின்னின் முனையும் சமமாக இருக்கும்வரை தளர்த்துங்கள். அப்போது அடி நட்டிலும் பின்னிலும் சேர்ந்து விழும், மரை மடங்காது. நட்டை எடுத்துவிட்டு வெறும் மரைமேல் அடித்தால் அது காளான்போல விரிந்துவிடும். பிறகு பின்னைத் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து கிராங்க்கின் அடியில் குழாய்த் துண்டை முட்டுக்கொடுங்கள், பின்னின் தலை குழாயின் ஓட்டைக்குள் இறங்க இடம் இருக்க வேண்டும். முட்டு இல்லாமல் அடித்தால் அடியின் வேகம் முழுவதும் அச்சின் பால்ரஸ் வழியாகக் கப்பில் (பால்ரஸ் உருளும் கிண்ணம்) இறங்கிக் குழி போடும். அந்தக் குழிகளால் பெடல் சுற்றும்போது கரகரவென்று உணரும், எத்தனை கிரீஸ் போட்டாலும் போகாது.

இப்போது ஒரே ஒரு கனமான அடி. பயந்து பயந்து பத்து முறை தட்டினால் பின் நகராது, வளைந்துவிடும். நகரவில்லை என்றால் மறுபடி எண்ணெய், மறுபடி ஒரு நாள். பின் அழுத்தும் கருவி உள்ள பட்டறை பக்கத்தில் இருந்தால் அங்கே போவதுதான் சிறந்தது.

புதுப் பின் வாங்கும்போது விட்டத்தை அளந்து வாங்குங்கள். 9 மில்லிமீட்டரும் 9.5 மில்லிமீட்டரும் கடைகளில் கிடைக்கின்றன, கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். பூட்டும்போது இடதுபுறப் பின்னும் வலதுபுறப் பின்னும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும். இரண்டையும் ஒரே திசையில் செருகினால் கிராங்குகள் நேர்கோட்டில் நிற்காது, ஓட்டும்போது கால் நொண்டுவதுபோல இருக்கும். முதலில் சுத்தியலால் உட்காரவைத்துவிட்டு, அதன் பிறகுதான் நட்டு. நட்டைத் திருகிப் பின்னை உள்ளே இழுக்கப் பார்த்தால் மரை அறுந்துவிடும்.

7. அச்சும் பால்ரஸும்

கிராங்க் அச்சை இறுக்கும் முறை இரண்டு வகை. ஃபிரேமுக்குள் கப் மரையில் திருகியிருக்கும், அல்லது கப்பை அப்படியே அழுத்திச் சொருகியிருப்பார்கள். ஜெர்மன் ஊர் சைக்கிள்களில் சொருகிய கப்புடைய தாம்சன் வகை நிறைய வரும். அதில் இடதுபுறக் கோனும் நட்டும் இடதுமரை. வழக்கமான பக்கம் திருப்பிவிட்டுக் கழலவில்லையே என்று ஸ்பேனரில் குழாயை மாட்டி நீட்டுவார்கள். அது கழலும் பக்கம் அல்ல, இறுகும் பக்கம். எந்த நட்டானாலும் முதலில் இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், எது இளகுகிறதோ அதுவே வழி.

சொருகிய கப்பைத் தேவை இல்லாமல் வெளியே எடுக்காதீர்கள். உள்ளே இருக்கும்போதே மண்ணெண்ணெயால் துடைத்து, விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். குழி இல்லை என்றால் அப்படியே விடலாம்.

பால்ரஸ் கூண்டில் இருந்தால், கூண்டு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று படம் எடுத்துவிட்டு எடுங்கள். திருப்பிப் போட்டால் கூண்டு கோனில் உரசி ஒரே வாரத்தில் நசுங்கும். தனித்தனியாக இருந்தால் ஒவ்வொரு பக்கமும் எத்தனை என்று எண்ணித் தனித்தனி டப்பாவில் போடுங்கள். புதியது வாங்கினால் ஒரு பக்கம் முழுவதையும் மாற்றுங்கள், இரண்டு மட்டும் மாற்றக்கூடாது. பழையவை தேய்ந்து கொஞ்சம் சிறுத்திருக்கும், புதிய இரண்டும் மொத்தப் பாரத்தையும் தாங்கி முதலில் உடையும்.

பெடலை மாற்றுவதாக இருந்தால் நாட்டைப் பார்த்து வாங்குங்கள். இன்றைய கடைப் பெடலின் அச்சு 9/16 இஞ்ச், அதாவது கிட்டத்தட்ட 14.3 மில்லிமீட்டர். சோவியத் கிராங்குகளில் பெரும்பாலும் 14 மில்லிமீட்டர் விட்டம், 1.25 மில்லிமீட்டர் மரை இடைவெளி. இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கடைப் பெடல் இரண்டு சுற்று உள்ளேயும் போகும். பிறகு இறுகும். இன்னும் திருகினால் கிராங்க் மரை போய்விடும். ‘உக்ரைனா’ வைத்திருப்பவர்கள் பழைய பெடலையே பிரித்துச் சுத்தம் செய்து போடுவது நல்லது.

8. பின்மிதி பிரேக்: இரண்டு எண்ணெய், இரண்டு இடம்

ஹப்பைப் பிரிக்கும்போது கீழே வெள்ளைத் துணி விரித்து, கழலும் வரிசையிலேயே உதிரிகளை இடமிருந்து வலமாக அடுக்குங்கள். திரும்பப் பூட்டும்போது வலமிருந்து இடமாக எடுத்தால் போதும். காற்றோட்டமான இடத்தில் மண்ணெண்ணெயில் கழுவுங்கள், பெட்ரோல் வேண்டாம்.

உள்ளே இரண்டு வேலைகள் நடக்கின்றன. முன்னுக்கு மிதிக்கும்போது சிறு உருளைகள் சரிவில் ஏறி ஹப்பைப் பிடித்துச் சுற்றுகின்றன. பின்னுக்கு மிதிக்கும்போது பிளந்த உலோக உறை விரிந்து ஹப்பின் உள்சுவரில் உரசுகிறது. உருளைகளுக்கு மெல்லிய எண்ணெய். கெட்டியான கிரீஸை அப்பினால் அவை ஒட்டிக்கொண்டு மேலேறாது, மிதிக்கும்போது பெடல் வழுக்கும். போக்குவரத்து நடுவில் அது நடந்தால் ஆள் விழுவார். உறைக்கு வெப்பம் தாங்கும் கிரீஸ். நீளமான இறக்கத்தில் ஹப் தொட முடியாத அளவு சூடாகும், சாதாரண கிரீஸ் உருகி வழிந்துவிடும்.

என் பட்டறையில் பாதிப்பேர் இந்த இரண்டையும் மாற்றிப் போடுகிறார்கள் அல்லது எல்லா இடத்திலும் ஒரே கிரீஸைத் திணிக்கிறார்கள். உருளைக்கும் உறைக்கும் தனித்தனித் தூரிகை வைத்துக்கொண்டால் தவறு நடக்காது.

உறையின் வெளிமுகம் கண்ணாடிபோலப் பளபளத்தால் மென்மையான எமரித் தாளால் லேசாகத் தேய்த்துப் பளபளப்பை எடுங்கள். ஆழமான கோடுகள் விழுந்திருந்தால் மாற்றுங்கள்.

சக்கரத்தைப் பூட்டியதும் இடதுபுறக் கையைப் பட்டையால் ஃபிரேமோடு இறுக்கமாகப் பிணையுங்கள். பிரேக் பிடிக்கும்போது எதிர்விசை முழுவதையும் அந்தக் கைதான் தாங்குகிறது. பட்டை இல்லாமல் பிரேக் போட்டால் கை சுழன்று கோனைத் தளர்த்தும் அல்லது பூட்டும். ஒரு முறை கம்பியால் கட்டி ஓட்டிவந்த ஒருவரைப் பார்த்தேன். அன்று அவரை ஓட்டித் திரும்ப விடவில்லை, பட்டையைத் தேடிப் போட்டுத்தான் அனுப்பினோம்.

9. சக்கரம், செயின்

கோட்டம் எடுக்கும்போது நிப்பிளை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். இறுகிய ஸ்போக்ஸ் கம்பியை வலுக்கட்டாயமாகத் திருப்பினால் முறுக்கிக்கொண்டு நிற்கும், ஓட்டும்போது முறுக்கு விட்டுத் திரும்பக் கோட்டம் வரும். பழைய ஜெர்மன் டியூபின் வால்வு நம் ஊர் வால்வின் உறவுக்காரன்தான், அதனால் புரிந்துகொள்வது எளிது. டியூபை மட்டும் புதிதாக வாங்குங்கள், காலம் போன ரப்பரை ஒட்டி ஓட்ட வேண்டாம்.

செயினில் 24 பற்களுக்கான நீளத்தை, அதாவது 12 முழு இணைப்பை (உள் இணைப்பு ஒன்றும் வெளி இணைப்பு ஒன்றும் சேர்ந்தது ஒரு முழு இணைப்பு) அளவெடுங்கள். புதியதில் அது 304.8 மில்லிமீட்டர். 306.5-க்கு மேல் போயிருந்தால் மாற்றுங்கள். பூட்டிய பின் நடுவில் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக ஆட்டம் இருக்கட்டும். பின்மிதி பிரேக்கில் செயின் கழன்றால் பின் பிரேக்கும் போய்விடும், அதனால் இந்த அளவைத் தளர்வாக விடாதீர்கள்.

10. முன் பிரேக்

கிழக்கு ஜெர்மனி சைக்கிள்கள் பலவற்றில் கம்பியால் கீழே இறங்கி டயரின் மேல்முகத்தை அழுத்தும் பிரேக் இருக்கும். ஜெர்மன் சாலை விதிப்படி ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக்குகள் வேண்டும், அதனால் இதைக் கழற்றிவிடக் கூடாது. ரப்பர் கட்டை கல்லாகியிருக்கும், புதியதை வெட்டிப் போடுங்கள். ஈரத்தில் இது மெலிவாகப் பிடிக்கும். குரோமியம் ரிம்மை அழுத்தும் பிரேக்கும் மழையில் அப்படித்தான். மழையில் வேகத்தைக் குறைத்து, பின்மிதியையே முதன்மையாக நம்புங்கள்.

11. துருவும் பெயிண்டும்

பெயிண்டைச் சுரண்டாதீர்கள். கோடுகளும் ஸ்டிக்கர்களும் ஒரு முறை போனால் திரும்ப வராது, அவைதான் சைக்கிளின் முகம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூளைச் சுவாசிப்பது உடலுக்குக் கேடு. சோப்புத் தண்ணீரில் துடைத்து, மெழுகு பூசுங்கள். ஸ்டிக்கர்மேல் ஆல்கஹால் தொடவே கூடாது. குரோமியத்துக்கு அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும், பெரும்பாலான துரு போய்விடும்.

12. விளக்கு

டைனமோ 6 வோல்ட், 3 வாட். முன்விளக்குக்கு 2.4, பின்விளக்குக்கு 0.6. ஒரே ஒரு வயர்தான் போகும், மின்சாரம் ஃபிரேம் வழியாகத் திரும்பும். விளக்கு எரியவில்லை என்றால் பல்பை மாற்றும் முன் டைனமோவும் விளக்கும் ஃபிரேமைத் தொடும் இடத்தில் பார்த்து, துருவோ பெயிண்டோ இருந்தால் சிறிய புள்ளி அளவில் சுரண்டி இறுக்குங்கள். பத்தில் எட்டு முறை பிரச்சினை அங்கேதான்.

13. முதல் ஓட்டம்

போக்குவரத்து இல்லாத சமதளத்தில், நடைவேகத்தில் பின்மிதி பிரேக்கை இருபது முறை பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு கால் திரும்பிப் பிடிக்க வேண்டும். ஒரு முறை தாமதித்தாலும் ஹப்பைத் திரும்பப் பிரியுங்கள்.

இருபது கிலோமீட்டர் ஓட்டிய பின் காட்டர் பின்களை ஒரு தட்டுத் தட்டி நட்டை இறுக்குங்கள், புதுப் பின் முதல் ஓட்டத்தில் இன்னும் கொஞ்சம் உட்காரும். அதோடு சக்கர நட்டுகளும் பிரேக் கையின் பட்டையும். இந்த மூன்றையும் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள், அதற்குப் பிறகு பருவத்துக்கு ஒரு முறை போதும்.